ஜேம்ஸ் டெய்லரும் தேயிலைத் தொழிற்சாலையின் அமைவிடமும்

இலங்கைத் தேயிலைக் கைத்தொழிலின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லர் 1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தார். பதினேழு வயது நிரம்புமுன்னரே, 1852இல் இலங்கைக்கு வந்து, கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் பணிபுரிந்தார். அக்காலத்தில் மலைநாடெங்கும் கோப்பியே பயிரிடப்பட்டது. 1867இல் டெய்லர் அங்கு 19 ஏக்கரில் தேயிலை நாட்டினார். கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டிலேயே. 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, ஏனைய துரைமாரும் தேயிலையை நாடினர்.

கோப்பியைத் தோலுடன் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்பி, அங்குள்ள ஆலைகளில் சுத்திகரிக்கலாம். கொழுந்து அப்படிக் காத்திராது. பறித்த கொழுந்தைத் தாமதியாது வாட்டி அரைக்காவிடின் தரம் கெடும். அன்றியும் ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய 5 கிலோ கொழுந்து தேவை. டெய்லர் முதலில் தமது பங்களா விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டுவித்தார். 1872இல் தோட்டத்திலேயே தொழிற்சாலை அமைத்தார். 1873இல் அங்கிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது.

நிறை இழக்கும் மூலப்பொருளைப் பயன்படுத்தும் கைத்தொழில் அம்மூலப்பொருளின் அருகே அமையும் என ஜேர்மனியரான அல்பிரட் வெபர் 1909இலேயே கோட்பாடாக எழுதினார். (பரீட்சையில் இதற்குக் குளிரான காலநிலையைக் காரணமாக எழுதும் மாணவர் பலர். அது பயிருக்கான காரணம், தொழிற்சாலைக்கானதன்று.)

வெபர் கூலிச் செலவையும் கணக்கிட்டார். மலிவான கூலி கிடைக்கும் இடத்தை நோக்கித் தொழிற்சாலை நகரலாம் என்றார். மலைநாட்டிலோ தொழிற்சாலை நகரவில்லை. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரே கொண்டுவரப்பட்டனர். லயங்களும் வேலைத்தலத்தை அண்டியே கட்டப்பட்டன. பாடசாலை, வைத்தியசாலை, நகரம் ஆகியவற்றின் தூரம் அக்கணக்கில் சேரவில்லை. இன்று இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் தாழ்நிலப் பகுதிகளில் உற்பத்தியாகிறது. தோட்டத்து இளைஞர் கொழும்புக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே மக்கள் எங்கு வாழ விரும்புகின்றனர் என்பதையும் இனிவரும் அமைவிடக் கோட்பாடுகள் கணக்கிலெடுக்க வேண்டியுள்ளது.

இனி டெய்லரின் இறுதிக்காலம். 1892இல் உரிமையாளர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். அவர் தோட்டத்தை விட்டுச் செல்ல மறுத்தார். வயிற்றோட்ட நோயுற்று மே 2ஆம் திகதி லூல்கந்துரவிலேயே காலமானார். தோட்டத் தொழிலாளர் அவரது உடலைச் சுமந்து மலைப்பாதை வழியே கண்டிக்குச் சென்றனர். மஹையாவ மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.