வழிப்பறிக்காரர் வழிகாட்டியானார்

தீய வழியில் நெடுந்தூரம் சென்றுவிட்ட ஒருவன் திருந்தி வாழ முடியுமா? முடியும் என்பதற்கு ஹஜ்ரத் ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்களின் வாழ்வே தக்க சான்றாகும்.

அன்னார் சமர்கந்தில் பிறந்து, இன்றைய துருக்மெனிஸ்தானிலுள்ள அபீவர்தில் வளர்ந்தவர்கள். அபீவர்துக்கும் ஸரக்ஸுக்கும் இடைப்பட்ட பாதையில் பயணிகளை மறித்துக் கொள்ளையிட்டு வந்தார்கள். அவர்களுடைய பெயரைக் கேட்டாலே வழிப்போக்கர் நடுங்கினர்.

அன்னார் மனம் திரும்பிய வரலாற்றை அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். ஓர் இரவு, தாம் காதலித்த பெண்ணைக் காணச் சுவரேறியபோது, எவரோ திருமறை ஓதும் ஒலி செவியில் விழுந்தது. அது அல்ஹதீத் அத்தியாயத்தின் 16ஆம் வசனம். இறைவனின் நினைவுக்கு விசுவாசிகளின் உள்ளம் பணியும் நேரம் இன்னும் வரவில்லையா என்று வினவும் வசனம். அவ்வினா தம்மையே நோக்கியதென உணர்ந்த அன்னார், அந்நேரம் வந்துவிட்டதென விடையிறுத்துத் திரும்பினார்கள்.

பாழடைந்த கட்டிடம் ஒன்றில் ஒதுங்கினார்கள். அங்கிருந்த பயணிகளுள் சிலர் உடனே புறப்படலாம் என்றனர். மற்றவரோ, வழியில் ஃபுளைல் கொள்ளையிடுவார், விடியட்டும் எனத் தடுத்தனர். இருளில் இதனைக் கேட்ட அன்னாரின் நெஞ்சம் துடித்தது. தாம் பாவத்தைத் தேடித் திரிய, இறையடியார்கள் தம்மை அஞ்சி ஒடுங்கிக் கிடக்கின்றனரே என வெட்கித் தௌபாச் செய்தார்கள்.

அத்துடன் நின்றுவிடவில்லை. கூஃபா சென்று மன்ஸூர், அஃமஷ் போன்ற மேதைகளிடம் ஹதீஸ் பயின்றார்கள். பின்னர் புனித மக்காவில் குடியேறி, வணக்கத்திலும் போதனையிலும் வாழ்ந்து, ஹிஜ்ரி 187இல் (கி.பி. 803) அங்கேயே மறைந்தார்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே, ஒன்றைச் சிந்தியுங்கள். அறிவிப்பாளரின் நேர்மையைத் துருவித் துருவி ஆராய்பவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். அவர்களே இந்த முன்னாள் வழிப்பறிக்காரரை நம்பகமானவர் என ஏற்றனர். அப்துல்லாஹ் இப்னு முபாரக், இமாம் ஷாஃபியீ போன்றோர் அன்னாரிடமிருந்து ஹதீஸ் பெற்றனர். இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் அன்னாரின் அறிவிப்புகளைத் தம் தொகுப்புகளில் சேர்த்தனர். பழைய பழியைச் சொல்லிக் கூஃபாவின் கல்விச் சபைகள் கதவடைத்திருந்தால், இந்தப் பெரியாரை நாம் பெற்றிருப்போமா?

உங்கள் மஹல்லாவிலும் வழி தவறிய இளைஞர் இருக்கலாம். சிறையிலிருந்து மீண்டவர் இருக்கலாம். அவர்களைப் பழைய பெயர் சொல்லி ஏசாதீர்கள். தம் செயலால் பிறர் பட்ட துன்பத்தை அவர்கள் உணரச் செய்யுங்கள்; தொழில் தேடிக் கொடுங்கள்; கல்வியின் வாயிலைத் திறந்து விடுங்கள்; தொழுகை வரிசையில் உங்கள் தோளருகே இடமளியுங்கள். திருந்துவது அவர்கள் கடமை. திருந்தியவரை ஏற்பது நம் கடமை.