கையில் காசில்லாமல் சென்னைக்கு வந்த அமெரிக்கர்

பரங்கிமலையில் இருந்து பூந்தமல்லிக்கு ஒரு சாலை போகிறது. ராமாபுரம், போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் என்று ஊர்கள் வரிசையாக வரும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. இன்று ஐயப்பன்தாங்கலில் பஸ் டெப்போ இருக்கிறது. வீடுகள் நெருக்கமாகிவிட்டன.

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் இந்தச் சாலையின் இரண்டு முனையிலும் பட்டாளம் இருந்தது. பரங்கிமலையில் பீரங்கிப் படை. பூந்தமல்லியில் இங்கிலாந்தில் இருந்து புதிதாக வந்து இறங்கிய சிப்பாய்கள்.

1853-ம் ஆண்டில் இந்தச் சிப்பாய்களின் மனதை மாற்றலாம் என்று நம்பி, அமெரிக்காவில் இருந்து மூன்று பேர் சென்னைக்கு வந்தார்கள். மூவரும் மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள். ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் என்பவர்கள் இருவர். மூன்றாமவரே அவர்களுக்குத் தலைவர். அவர் பெயர் ரிச்சர்டு பாலன்டைன்.

அவர் கையில் பணம் இல்லை. சம்பளம் கொடுக்கச் சங்கமும் இல்லை. சென்னையில் தங்க வீடும் இல்லை.

ரொட்டிக் கடைக்காரர்

பாலன்டைன் 1817-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். இளம் வயதில் ரொட்டி சுடும் தொழிலைக் கற்றார். பிறகு சொந்தமாகவே ரொட்டிக் கடை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார். அதில் அவருக்குத் தனி ஆசை.

அந்தச் சமயத்தில் மார்மன் சபைப் பிரசாரகர்கள் ஸ்காட்லாந்துக்கு வந்தார்கள். அந்தச் சபையை அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்பவர் 1830-ல் தொடங்கியிருந்தார். அவர்களுடைய பேச்சு பாலன்டைன் மனதைப் பிடித்துக்கொண்டது. 1842 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்றார். மறு ஆண்டே குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே நிம்மதி கிடைக்கவில்லை. 1844-ல் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. 1846-ல் அந்தச் சபையார் நாவூ என்ற தங்கள் ஊரை விட்டே விரட்டப்பட்டார்கள். அந்தக் கலவரத்தில் எதிரிகள் பாலன்டைனையும் வேறு சிலரையும் பிடித்துக் கொண்டுபோய், பல நாட்கள் காவலில் வைத்திருந்தார்கள். உயிர் தப்பியதே பெரிய காரியம்.

மறு ஆண்டு ஹுல்டா என்ற பெண்ணை மணந்தார். 1848-ல் மாட்டு வண்டிகளில், சுமார் 1,000 மைல் நடந்தும் ஓட்டியும் சால்ட் லேக் என்ற உப்பு ஏரிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார். சொந்தக் கையால் வீடு கட்டினார். குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல அந்த வீட்டில் தனியாக ஓர் அறையும் கட்டினார். 1849 டிசம்பர் 9-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, சுமார் 30 குழந்தைகளுடன் அங்கே பள்ளி தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் உள்ள மார்மன் சபையின் ஞாயிறு பள்ளிகளுக்கு அதுவே முதல் வித்து. அந்தச் சபையார் அவர் பெயரை இன்றும் மறக்காமல் இருப்பது இதனால்தான்.

வீடு, மனைவி, மக்கள், பள்ளி. வாழ்க்கை அப்போதுதான் நிலைக்கு வந்தது. அந்த நேரத்தில் கட்டளை வந்தது.

பையும் வேண்டாம், பணமும் வேண்டாம்

1852 ஆகஸ்டில் சபையின் கூட்டம் நடந்தது. உலகின் பல நாடுகளுக்குப் பிரசாரகர்களின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. பாலன்டைனுக்கு இந்தியா!

அந்தக் காலத்தில் மார்மன் பிரசாரகர்களுக்கு ஒரு விதி இருந்தது. இயேசு தம் சீடர்களைப் பையும் பணமும் இல்லாமல் அனுப்பினார். அதேபோல இவர்களும் போக வேண்டும். போகிற இடத்தில் யாராவது சோறு போட்டால் உண்ண வேண்டும். இடம் கொடுத்தால் படுக்க வேண்டும்.

அக்டோபரில் மனைவி மக்களைப் பிரிந்தார். பாலைவனம் கடந்து கலிபோர்னியா போனார். அங்கே இருந்த அன்பர்கள் கப்பல் கட்டணத்துக்கு உதவினார்கள். 1853 ஜனவரி இறுதியில் புறப்பட்ட கப்பல், ஏப்ரல் கடைசியில் கல்கத்தா சேர்ந்தது. அங்கிருந்து சென்னைக்கு வேறு கப்பல். வழியில் கடல் கொந்தளித்து, கப்பல் ஆபத்தில் சிக்கியது. சென்னையை அடைந்தபோது ஜூலை 24 ஆகிவிட்டது.

அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகில் இறங்கி, அலையோடு போராடித்தான் கரை சேர வேண்டும். ரெயிலும் இன்னும் வரவில்லை. பணம் உள்ள துரைமார் பல்லக்கிலும் குதிரை வண்டியிலும் போவார்கள்.

பணம் இல்லாத வெள்ளைக்காரரை யார் மதிப்பார்கள்?

மூடிய கதவுகள்

இரந்து உண்ணும் துறவி நமக்குப் புதியவர் அல்ல. பட்டினத்தார் பிறந்த நாடு இது. வழிப்போக்கனுக்குத் திண்ணையில் இடம் உண்டு. பசித்து வந்தவனுக்கு ஒரு கவளம் சோறு உண்டு. பாலன்டைனின் விதி நம் ஊர்க் கிழவிக்குக்கூட உடனே புரிந்திருக்கும்.

ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் மட்டுமே பேச முடிந்தது. அவர்களோ கம்பெனி அதிகாரிகள், வியாபாரிகள், பாதிரிமார், சிப்பாய்கள். ஒரு வெள்ளைக்காரர் அடுத்த வேளைச் சோற்றுக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பது தங்களுக்கே அவமானம் என்று துரைமார் நினைத்தார்கள்.

இதே காலத்தில் வேறு பாதிரிமாரும் தமிழ்நாட்டில் பாடுபட்டார்கள். கால்டுவெல் 1841-ல் சென்னையில் இருந்து திருநெல்வேலிப் பக்கம் பெரும்பாலும் நடந்தே போனார். அமெரிக்கரான வின்ஸ்லோ சென்னையிலேயே தங்கித் தமிழ் அகராதி தயாரித்தார். அவர்களுக்குப் பின்னால் சங்கங்கள் இருந்தன. தமிழைக் கற்க ஆண்டுக்கணக்கில் நேரமும் இருந்தது. பாலன்டைனுக்கு இரண்டும் இல்லை.

இன்னொரு பெரிய தடையும் வந்தது. மார்மன் சபையில் ஓர் ஆண் பல பெண்களை மணக்கலாம் என்ற வழக்கம் இருந்தது. பாலன்டைனை இந்தியாவுக்கு அனுப்பிய அதே கூட்டத்தில்தான் அதைப் பகிரங்கமாக அறிவித்தார்கள். அவரோடு அந்தச் செய்தியும் கப்பல் ஏறி வந்துவிட்டது! பத்திரிகைகளும் பாதிரிமாரும் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபத்தை வீண் கோபம் என்று சொல்லிவிட முடியாது. ஊர் திரும்பிய பின் பாலன்டைனே மேலும் இரு பெண்களை மணந்தார். 1890-ல்தான் சபை அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

ரிச்சர்ட்ஸ் என்ற பாதிரியார் மார்மன் மதத்தைக் கண்டித்துப் பிரசுரம் வெளியிட்டார். பாலன்டைன் பதில் பிரசுரம் வெளியிட்டார். அதோடு நிற்காமல் இரண்டாவது பதிலும் எழுதினார். 1854-ல் சென்னையிலேயே ஒரு மாதப் பத்திரிகையும் தொடங்கினார். சோற்றுக்கே பிறர் கையை எதிர்பார்த்தவர், அச்சுக் கூலிக்கு என்ன பாடு பட்டிருப்பார்!

மீதி இருந்தது சிப்பாய்கள். ஏழைகள், ஊரை விட்டு வந்தவர்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள். ஆனால் பட்டாளத்து முகாமுக்குள் நுழைய அதிகாரியின் அனுமதி வேண்டும். இந்தியாவில் பல முகாம்களில் மார்மன் பிரசாரகர்களுக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. அவர்கள் பேச்சைக் கேட்ட சிப்பாய்க்கும் மேலதிகாரியின் பயம் இருந்தது.

ஓர் ஆண்டு பாடுபட்டும் சபையில் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. வெயிலும் பசியும் பாலன்டைனின் உடலைக் கெடுத்தன.

மூன்று ஆண்டுக்குப் பின்

1854 ஜூலையில் அவர் லண்டன் கப்பலில் ஏறினார். ஸ்கெல்டன் பின்தங்கி ஊழியத்தைத் தொடர்ந்தார். 1856 முடிவதற்குள் அமெரிக்காவில் இருந்து இந்தியாவுக்கு வந்த மார்மன் பிரசாரகர்கள் எல்லாருமே போய்விட்டார்கள்.

இங்கிலாந்தில் பாலன்டைன் ஓய்வு எடுக்கவில்லை. 1855 ஜனவரியில், அமெரிக்காவில் குடியேறப் புறப்பட்ட சுமார் 400 பேருக்குத் தலைவராகக் கப்பலில் போனார். கோடையில் மீண்டும் மாட்டு வண்டிகள், மீண்டும் 1,000 மைலுக்கு மேல் சமவெளியும் மலையும். செப்டம்பர் 25-ந் தேதி அந்தக் கூட்டத்தை உப்பு ஏரிக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கையில் காசில்லாமல் புறப்பட்டவர் உலகை ஒரு சுற்றுச் சுற்றி வீடு வந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் ஹுல்டா தனியாகவே பிள்ளைகளை வளர்த்திருந்தாள். அவளும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிறகு அவர் ஆக்டன் என்ற ஊரில் குடியேறினார். வியாபாரம் செய்தார், ரெயில் பாதை வேலையைக் குத்தகை எடுத்தார், செய்தித்தாள் நிர்வாகம் பார்த்தார். எந்த வேலை பார்த்தாலும் ஞாயிறு பள்ளியை மட்டும் விடவில்லை. 1898 நவம்பர் 8-ந் தேதி, 81-வது வயதில் அங்கேயே காலமானார்.

தமிழ்நாட்டில் மார்மன் சபை மறுபடியும் தலையெடுத்தது 1960-களில். சென்னையில் அல்ல, கோயம்புத்தூரில். அதைத் தொடங்கியவர்கள் தமிழர்கள்.