ஆடற்கலை ஆசான் பில் ராபின்சன்

காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் ஆடலை அமெரிக்கர் டாப் நடனம் என்பர். அக்கலையில் பெரும்புகழ் எய்தியவர் பில் ராபின்சன். இவர் 1878ஆம் ஆண்டு ரிச்மண்டு நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த இவரை, முன்பு அடிமையாயிருந்த பாட்டியார் வளர்த்தார். இவருக்கு ஆடல் கற்பித்த பள்ளி எதுவும் இல்லை. தெருக்களில் காசுக்காக ஆடியும், பிறர் ஆடக் கண்டும் தாமே கற்றார்.

அந்நாளில் பலர் பாதம் முழுதும் படிய ஆடினர். இவரோ மர அடியுடைய காலணி பூண்டு, முன்பாதத்தில் நின்று, ஒவ்வோர் ஒலியும் தெளிவுறக் கேட்குமாறு ஆடினார். படிகளில் ஏறியும் இறங்கியும் ஆடும் ஆட்டம் இவருக்குத் தனிச்சிறப்பு அளித்தது.

1935இல் வெளிவந்த திரைப்படமொன்றிற்காக அவ்வாட்டத்தை ஷெர்லி டெம்பிள் என்னும் வெள்ளையினச் சிறுமிக்குக் கற்பித்தார். அவளுக்கு அப்போது வயது ஆறு. கடினமான அடிகளை அவளுக்கேற்ப எளிதாக்கினார். காலைப் பாராது ஒலியைக் கேட்டே ஆடப் பழக்கினார். இருவரும் கைகோத்து ஆடினர். நிறவேற்றுமை பாராட்டிய தென்மாநிலங்களில் அக்காட்சி வெட்டப்பட்டது. ஆயினும் ஆசானும் மாணவியும் பின்னும் மூன்று படங்களில் சேர்ந்து நடித்தனர்.

பெரும்பொருள் ஈட்டியும் இவர் 1949இல் வறியராய் மறைந்தார். 1989ஆம் ஆண்டு அமெரிக்க அரசு, இவர் பிறந்த மே 25ஆம் நாளை டாப் நடன நாளாக அறிவித்தது. ஆடற்பள்ளி காணாத இவர் தம் கலைக்கே ஆசானாய் விளங்குகின்றார்.