ஜேம்ஸ் டெய்லர்: தேயிலையை நட்டவருக்கும் சொந்தமாகாத மண்

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல ஊடாக ஹற்றன் நோக்கிச் செல்லும் பெருந்தெரு, களனி கங்கைப் பள்ளத்தாக்கை விட்டு மலையேறி, கினிகத்தேனைக் கணவாயைக் கடந்தே தேயிலை நாட்டினுள் நுழைகின்றது. கினிகத்தேனை என்பது தீப்பற்றிய சேனை எனப் பொருள்படும் சிங்களப் பெயரின் தமிழ் வழக்காகும். காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்து, குரக்கன் விதைத்து, பின்னர் அந்நிலத்தைக் காட்டிடமே திருப்பிக் கொடுத்த கிராமத்தவர்களின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மலைகளில் பிரித்தானியர் மூட்டிய தீயோ ஒரு சேனையோடு அணைந்துவிடவில்லை. மலைக்கு மலை பரவிக் காடுகளை அழித்த அத்தீயின் சாம்பலில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் எழுந்தன. இன்று இக்கடைவீதியில் அருகருகே கடை வைத்து வாழும் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் அனைவரினது வாழ்வும் அந்த மாற்றத்தோடு பிணைந்ததாகும்.

அந்த மாற்றத்தின் நாயகராக வரலாறு குறிப்பிடும் பெயர் ஜேம்ஸ் டெய்லர். இலங்கையில் தேயிலையை வர்த்தகப் பயிராக வளர்த்தெடுத்த முன்னோடி என்ற ஒற்றை வரியில் அவரைப் பாடசாலைக் காலத்தில் நாம் அனைவரும் படித்திருக்கின்றோம். அந்த ஒரு வரியைத் தாண்டி அவரது வாழ்வின் தொடக்கத்தையும் முடிவையும் நோக்குவோமாயின், மலையக மக்கள் இன்றும் எழுப்பிவரும் காணியுரிமைக் கேள்விக்கு அது எத்துணை நெருக்கமானது என்பது புலனாகும்.

டெய்லர் 1835ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் வடகிழக்கே ஓக்கன்பிளே என்னும் சிற்றூருக்கு அண்மையில் பிறந்தார். தந்தையார் வண்டிச்சில்லு செய்யும் தச்சர். தாயாரை அவர் சிறு பராயத்திலேயே இழந்தார். சொந்த நிலமோ செல்வமோ இல்லாத அக்குடும்பத்தின் பிள்ளைக்கு ஊரிலே பெரிய எதிர்காலம் எதுவும் இருக்கவில்லை. இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு இளைஞர்கள் தேவைப்பட்ட காலம் அது. 1851ஆம் ஆண்டு, தமது பதினாறாவது வயதில், வருடத்திற்கு 100 பவுண் சம்பளத்துக்கு மூன்று ஆண்டுகள் பணிபுரிவதாக ஒப்பந்தமிட்டு அவர் கப்பலேறினார். 1852இன் தொடக்கத்தில் இலங்கையை அடைந்த அவர், கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் உதவித் துரையாக நிலைகொண்டார். அதன்பின் தாய்நாட்டை அவர் ஒருபோதும் காணவில்லை.

வறுமையின் பொருட்டு ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டுக் கடல் கடந்தவர்களின் கதை டெய்லரோடு தொடங்கியதன்று. அவருக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆங்கிலேயர் அமெரிக்காவில் இதே முறையைக் கையாண்டிருந்தனர். 1607ஆம் ஆண்டு வேர்ஜினியாவில் அவர்கள் நிறுவிய ஜேம்ஸ்டவுன் குடியேற்றம், ஆரம்ப ஆண்டுகளில் பசியாலும் நோயாலும் அழியும் நிலைக்குத் தள்ளப்பட்டது. ஜோன் றொல்ஃப் என்பவர் புகையிலையை வெற்றிகரமாகப் பயிரிட்ட பின்னரே அது நிமிர்ந்தது. ஒரு பயிர் ஒரு பிரதேசத்தையே உருவாக்கிய அந்த வரலாற்றில், றொல்ஃபின் இடம் எதுவோ அதுவே மலையக வரலாற்றில் டெய்லரின் இடம் எனலாம்.

ஆயினும் இவ்விரு குடியேற்றங்களுக்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. வேர்ஜினியாவில் 1618ஆம் ஆண்டு முதல், குடியேறும் ஒருவருக்கு, அல்லது மற்றொருவரின் கப்பற்செலவைப் பொறுப்பேற்பவருக்கு, தலைக்கு 50 ஏக்கர் நிலம் வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. அயலிலுள்ள மேரிலாந்தில், ஒப்பந்தக் காலத்தை முடித்த வேலையாள் 50 ஏக்கருக்கு உரிமை கோரும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிலவியது. அந்நிலம் பூர்வீகக் குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும், 1619 முதல் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்கள் நிலமற்ற அடிமைகளாக்கப்பட்டனர் என்பதையும், ஒப்பந்த வேலையாட்களில் ஏராளமானோர் காலம் முடியுமுன்னரே மாண்டனர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. எனினும் உழைத்து மீண்ட ஏழை வெள்ளையர்களுள் ஒரு பகுதியினருக்கேனும் உறுதியுடன் கூடிய ஒரு துண்டு நிலம் கிடைத்தது. நிலம் கிடைத்தவன் குடியானான்; குடியானவன் ஊரை அமைத்தான்; ஊர்கள் சேர்ந்து நாட்டைக் கேட்டன.

இலங்கையின் மலைநாட்டில் நிலம் வேறு வழியிற் சென்றது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமையை எழுத்தில் நிரூபிக்க முடியாத காடுகளையும் சேனைகளையும் அரசுடைமை ஆக்கிற்று. கண்டிய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய நிலங்கள் ஏலத்தில் விலைபோயின. வாங்கியோர் அரச அதிகாரிகளும் வணிகர்களும் கம்பனிகளுமே. டெய்லர் வந்து சேர்ந்த தோட்டமும் அவருடையதன்று. அவர் சம்பளத்துக்கு அமர்ந்த ஒரு நிர்வாகி மாத்திரமே.

அவர் உழைத்தார் என்பதை மறுப்பதற்கில்லை. காடழிப்பு, பாதையமைப்பு, நாற்றுமேடை என மலைநாட்டுத் தொழிலின் ஒவ்வோர் அங்கத்தையும் நேரில் நின்று கற்றார். கொயினா மருந்து தரும் சின்கோனாவைத் தோட்டப் பயிராக வளர்ப்பதிலும் அவர் முன்னின்றார். பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து பெற்ற தேயிலையை முதலில் பாதையோரங்களில் நட்டுப் பார்த்தார். 1867ஆம் ஆண்டு, லூல்கந்துரவில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கொழுந்தை அரைக்க அன்று இயந்திரம் இல்லை. பங்களாவின் விறாந்தையில் மேசை போட்டுக் கையாலே உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின் மீது உலர்த்தித் தூளாக்கினர். 1872இல் உருட்டும் இயந்திரம் ஒன்றை அவரே அமைத்தார். 1873ஆம் ஆண்டு லூல்கந்துரவிலிருந்து இலண்டனுக்குச் சென்ற தேயிலையின் நிறை 23 றாத்தல் மட்டுமே. மறு ஆண்டு அவர் தேயிலை பற்றி மேலும் அறிந்துகொள்ள டார்ஜிலிங் சென்றுவந்தார். நாற்பது ஆண்டுக் கால உழைப்பில் அவர் எடுத்த ஒரே விடுமுறை அதுவே என்பர்.

டெய்லரின் பரிசோதனை, காலத்தின் தேவையுடன் ஒன்றிணைந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைச் சிறுகச் சிறுகத் தின்றது. 1878இல் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் பரந்திருந்த கோப்பி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய மறைந்தே போனது. துரைமார் பலர் கடனாளிகளாகி நாடு திரும்பினர். அப்போது தீவைத் தாங்கிப் பிடித்தது தேயிலை. 1890களின் முடிவுக்குள் அது 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. டிக்கோயா, மஸ்கெலியா, டிம்புளை என்னும் பெயர்கள் இலண்டன் தேயிலைச் சந்தையில் ஒலிக்கத் தொடங்கின.

இப்பிரதேச வளர்ச்சியைத் தோளிற் சுமந்தோர் யாவர்? திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டு, மன்னாரில் கரையிறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த நம் முன்னோர்களே. வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியில் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டன. இவர்களுக்கு முன்பிருந்தே கண்டி இராச்சியத்தின் மலைப்பாதைகளில் தவளம் மாடுகளை ஓட்டி உப்பும் துணியும் கொணர்ந்து, கிராமத்தவரின் பாக்கையும் கோப்பியையும் கரைக்கு எடுத்துச் சென்றவர்கள் முஸ்லிம் வணிகர்கள். பெருந்தெருக்கள் அமைந்த பின்னர் தோட்டங்களை அண்டிய கடைவீதிகள் வளர்ந்ததில் அவர்களது பங்கு பெரிது. தோட்டத்து வரலாறு துரைமாரின் வரலாறாக எழுதப்பட்டபோது இவ்விரு சாராரும் அடிக்குறிப்பாகிப் போயினர்.

டெய்லரின் பயிர் இம்மக்களின் வாழ்வில் ஏற்படுத்திய மாற்றம் ஒன்று பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு வந்து, கூலி பெற்று, ஊர் திரும்பியவர்கள் அக்காலத்தில் அதிகம். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. வாரந்தோறும் பறித்தாக வேண்டியது. ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்க நேர்ந்தது. பெண்கள் கொழுந்துக் கூடையைச் சுமந்தனர். பிள்ளைகள் லயத்திலே பிறந்தனர். முதியோர் மலைச்சரிவிலே புதைக்கப்பட்டனர். வந்துபோகும் கூலிகளாய் இருந்தோரை நிலைத்து வாழும் சமூகமாக மாற்றியது தேயிலையே. ஆனால் நிலைத்து வாழ்ந்த அச்சமூகத்துக்கு நிலம் கொடுக்கப்படவில்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் பத்தடி அறையும் போய்விடும்.

இவ்விதி தொழிலாளருக்கு மட்டும் உரியதா என்று கேட்டால், டெய்லரின் இறுதி நாட்கள் அதற்கு விடை தருகின்றன. 1891இல் தோட்டத்துரைமார் சங்கம் அவரைப் பாராட்டி வெள்ளியிலான தேநீர்ப் பாத்திரங்களைப் பரிசளித்தது. அதற்கு அடுத்த ஆண்டே, அவரை வேலையிலிருந்து நீக்கத் தோட்டக் கம்பனி முடிவெடுத்தது. நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த இடத்தை விட்டுச் செல்ல அவர் மறுத்தார். வழக்கு, வாதம் எதற்கும் இடமின்றி, 1892ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி, வயிற்றுக்கடுப்பு நோயால் லூல்கந்துரவிலேயே அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 57. பருத்த உடலினரான அவரது பிரேதத்தை 24 பேர் மாறி மாறித் தோளிற் சுமந்து, மலைப்பாதை வழியே கண்டிக்குக் கொண்டுசென்று, மஹையாவ மயானத்தில் அடக்கம் செய்தனர். பின்னே தோட்டத் தொழிலாளர்கள் நடந்து சென்றனர். அவர்கள் அவரைச் சாமி துரை என்று அழைத்ததாகச் சொல்லப்படுகின்றது.

டெய்லரையும் தொழிலாளரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நமது நோக்கமன்று. அவருக்குப் பங்களாவும் சம்பளமும் இருந்தன. பெரட்டுக் களத்தில் பெயர் வெட்டும் அதிகாரம் துரையின் கையில் இருந்தது. தொழிலாளியோ துண்டுக் கடனால் கட்டுண்டிருந்தான். டெய்லரின் பெயர் கல்லறையிலும் நூல்களிலும் நிலைத்தது. அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றன. ஹற்றனிலிருந்து தலவாக்கலை செல்லும் வீதியிலே அவருக்குச் சிலையும் உண்டு. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்களின் பெயர்களை எந்தக் கல்லும் தாங்கி நிற்கவில்லை. ஆயினும் ஓர் உண்மை இருவருக்கும் பொதுவானது. உழைப்பும் திறமையும் காலமும் எவ்வளவு கொடுத்தாலும், உறுதிப்பத்திரம் இல்லாதவனை நிலம் தன்னுடையவனாக ஏற்பதில்லை. தேயிலையின் தந்தை எனப் போற்றப்பட்டவரையே வெளியேறச் சொன்ன தோட்ட முறை, கொழுந்து பறித்தவர்களுக்கு இரங்கும் என எதிர்பார்த்திருக்க முடியாது.

அதன் பின்னரான வரலாறு நாம் அறிந்ததே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணிப் பகிர்வில் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை ஒதுக்கிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இல் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இருபுறமும் பிரித்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. தோட்டம் கைமாறிய ஒவ்வொரு முறையும் லயம் மட்டும் கைமாறாமல் அப்படியே நின்றது. தனி வீடும் 7 பேர்ச்சஸ் காணியும் என்ற திட்டங்கள் சில குடும்பங்களுக்குப் பயனளித்துள்ளமை உண்மையே. எனினும் ஏராளமான குடும்பங்கள் இன்னமும் உறுதியற்ற லய அறைகளிலேயே மழைக்கும் மண்சரிவுக்கும் அஞ்சி வாழ்கின்றன.

மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் நடந்த வழியை மீள நடந்தவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது நிலமும் வீடுமே. அது சலுகை கோரும் குரல் அன்று. ஒரு பிரதேசத்தை உருவாக்கியோர் அதன் குடிகளாக ஏற்கப்பட வேண்டும் என்னும் நியாயமான குரலாகும். சேனையை இழந்த கண்டியக் கிராமத்தவரின் குறையும் இதே வேரிலிருந்து எழுந்ததாதலால், ஒரு சாராருக்கு வழங்கும் நீதி மறுசாராருக்கு அநீதியாகாதவாறு காணிக் கொள்கை வகுக்கப்படுதல் அவசியம். தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் ஒரே கடைவீதியில் வாழும் கினிகத்தேனை போன்ற ஊர்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

சாமி துரையின் பிரேதத்தைச் சுமந்து நடந்த 24 பேரும் அன்று மாலை எங்கே திரும்பியிருப்பர் என்பதை நாம் ஊகிக்கத் தேவையில்லை. அவர்கள் லயத்துக்கே திரும்பினர். அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளேனும் தமது பெயரில் உறுதி எழுதப்பட்ட வீட்டுக்குத் திரும்பும் நாளே, 1867இல் நடப்பட்ட தேயிலையின் கணக்கு நேர்மையாகத் தீர்க்கப்படும் நாளாக அமையும்.