எழுதுகோலுக்கு முன்னே கை

மாண்டிசோரி என்ற சொல்லை இன்று நம் தாமான்களில் கடைவீட்டுப் பெயர்ப்பலகைகளில் அடிக்கடி காண்கிறோம். அது ஒரு மருத்துவரின் பெயர் என்பதையும், அவர் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைத் தமிழ் மண்ணில் கழித்தவர் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பாலர் கல்வி பயிலும் எனக்கு அவர் பெயர் முதலில் பாடநூலில் ஒரு தலைப்பாகத்தான் அறிமுகமானது. அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, நம் குழந்தைகளின் கைகளைப் பற்றி யாரோ நம்மிடம் பேசிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அந்த உணர்வை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த காலம் அது. தந்தைக்கு விருப்பமில்லை, தாய் துணை நின்றார். பிணத்தை அறுத்துப் பயிலும் வகுப்பில் ஆண் மாணவர்களோடு ஒரு பெண் இருப்பது முறையன்று என்று கருதப்பட்டதால், வகுப்பு முடிந்தபின் அவர் தனியாகவே அந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டியிருந்தது. இத்தனையையும் தாண்டி 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். மனவளர்ச்சி குறைந்த குழந்தைகள் அக்காலத்தில் பெரியவர்களோடு மனநலக் காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்தனர். இவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என்று உணர்ந்த அவர், இதார், செகேன் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களை ஆழ்ந்து படித்தார்.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் என்னை மிகவும் கவர்ந்தது. பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய கைகளில் வலு இருந்தது; விரல்களில் குறையில்லை. ஆனால் ஊசியை நூலின் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று மாற்றி மாற்றிச் செலுத்தும் எளிய தையல் அவளுக்கு வரவே இல்லை. அம்மையார் ஊசியை எடுத்து வைத்துவிட்டார். காகிதக் கீற்றுகளை ஒன்றன் மேல் ஒன்று, ஒன்றன் கீழ் ஒன்று எனக் கோத்துப் பாய் பின்னும் விளையாட்டை அவளிடம் கொடுத்தார். அதில் அவள் தேறியதும் மீண்டும் ஊசியைக் கொடுத்தார். இப்போது தையல் வந்தது!

அந்தச் சிறுமிக்குக் கையில் குறையில்லை. எந்த அசைவு முதலில், எந்த அசைவு அடுத்து என்று மூளை வகுத்துக்கொள்ளும் வழிதான் அவளுக்குத் தெரியவில்லை. இதனை இன்றைய வல்லுநர்கள் இயக்கத் திட்டமிடல் என்கின்றனர். ஒரு வேலையைச் செய்யச் சொல்லித் திரும்பத் திரும்ப வற்புறுத்துவதால் அது வந்துவிடாது. அந்த வேலைக்குள் அடங்கியிருக்கும் அசைவை முதலில் வேறொன்றின் வழியே பழக்க வேண்டும். அம்மையார் வகுத்த கல்வி முறையில் கைப்பயிற்சி முழுவதும் இந்த உண்மையின்மேல்தான் நிற்கிறது.

அவரிடம் பயின்ற அக்குழந்தைகளில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினர். எல்லாரும் பாராட்ட, அம்மையாரோ வேறு கேள்வி கேட்டார். குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு தூரம் வர முடிகிறதென்றால், குறையில்லாத பிள்ளைகளை நம் பள்ளிகள் எங்கே தடுத்து நிறுத்துகின்றன?

விடை தேடும் வாய்ப்பு 1907 ஜனவரி 6ஆம் நாள் கிடைத்தது. ரோமின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் குடியிருப்புச் சுவர்களைப் பாழாக்கினர். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அதுவே முதல் 'குழந்தைகள் இல்லம்' ஆயிற்று.

தரையோடு பிணைத்த பெஞ்சுகளை அம்மையார் விரும்பவில்லை. குழந்தை தானே தூக்கக்கூடிய சிறு நாற்காலிகளை வைத்தார். கவனமின்றி நடந்தால் நாற்காலி விழுந்து ஒலி எழுப்பும். யாரும் திட்டாமலேயே குழந்தை தன் உடலை அடக்கி நடக்கக் கற்றுக்கொள்ளும். தரையில் நீள்வட்டமாக ஒரு கோடு. குதிகாலும் விரல்நுனியும் தொடும்படி அதன்மேல் நடக்க வேண்டும். அது பழகியதும், கையில் விளிம்புவரை வண்ணநீர் நிறைந்த கோப்பை, சிந்தக்கூடாது. பிறகு ஒரு மணி, ஒலிக்கக்கூடாது. சட்டத்தில் பொருத்திய துணியில் பித்தான் போடுவது, நாடா முடிவது, நீர் ஊற்றுவது என்று எத்தனையோ பயிற்சிகள். நமக்கு இவை விளையாட்டு. அம்மையார் இவற்றைக் குழந்தையின் வேலை என்றே மதித்தார்.

மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றில் அளவு வேறுபட்ட பத்து உருளைகள். ஒவ்வோர் உருளையின் தலையிலும் சிறு குமிழ். அதைப் பெருவிரலாலும் அடுத்த இரு விரல்களாலும்தான் பிடிக்க முடியும். எழுதுகோலைப் பிடிப்பதும் அதே மூன்று விரல்கள்தாமே! ஒரு சிறுமி இந்த உருளைகளை நாற்பது தடவைக்கும் மேல் எடுத்து எடுத்துப் பொருத்தினாள். சுற்றியிருந்தவர்கள் பாடியும் அவளுடைய கவனம் கலையவில்லை என்று அம்மையார் பதிவு செய்திருக்கிறார்.

உலோக வடிவங்களின் ஓரத்தை வரைந்து உள்ளே வண்ணம் தீட்டியதில் விரல்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவியதில் எழுத்தின் பாதை கைக்குப் பழகிற்று. ஆனால் எழுது என்று எவரும் சொல்லவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வெயிலடித்த ஒரு நாள், மாடியில் இருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார் அம்மையார். வரைந்து முடித்தவன் திடீரெனத் தனக்கு எழுத வருவதை உணர்ந்து, தரையில் ஒரு சொல்லை எழுதினான். அவன் எழுதிய முதல் சொல் 'கை'!

கற்பித்தல் பயிற்சிக்காக நான் சென்ற ஒரு பாலர் பள்ளியில், நான்கு வயதுப் பிள்ளைகள் காலை முழுவதும் புள்ளிகளை இணைத்து 'அ' எழுதிக்கொண்டிருந்தனர். ஒரு சிறுவன் பென்சிலை முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்தான், தாள் கிழிந்தது. சோம்பேறி என்ற பெயரும் கிடைத்தது. ஓய்வு நேரத்தில் அவனிடம் சொங்காக் பலகையைக் கொடுத்தேன். சோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போட அவனுடைய மூன்று விரல்களும் தாமாகவே சேர்ந்தன. நம் பல்லாங்குழியும் அஞ்சாங்கல்லும் பாண்டியும் இதைத்தானே செய்தன? அவற்றை ஒதுக்கிவிட்டுப் பயிற்றிகளை அடுக்குகிறோமே என்ற கவலை எனக்குண்டு.

உலகப் புகழ் பெற்ற அம்மையாரின் சொந்த வாழ்க்கையில் ஓர் ஆறாத துயரம் இருந்தது. 1898இல் மணமாகாமல் பெற்ற மகன் மரியோவைச் சமூகத்துக்கு அஞ்சி நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றிடம் வளர விட்டிருந்தார். பிறர் பிள்ளைகளின் முதல் அடிகளை எண்ணி எண்ணிக் குறித்தவர், தம் பிள்ளையின் முதல் அடியை அருகிருந்து காணவில்லை. மரியோவுக்குப் பதினைந்து வயதானபோதுதான் தம்மோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் ஊரறிய மகன் என்று சொல்ல முடியவில்லை.

முசோலினி ஆட்சியோடு முரண்பட்டு 1934இல் இத்தாலியை நீங்கிய அவர், 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, முந்நூறு பேர் அளவில் பயிற்சி பெற்றனர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் பகைநாட்டவர் ஆயினர். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார்; அம்மையார் அடையாற்று வளாகத்தைவிட்டு வெளியேற முடியவில்லை. ஆகஸ்ட் 31, அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாள். அன்று ஆங்கில அரசு மரியோவை விடுவித்துப் பரிசாக அனுப்பியது. அரசுத் தந்தி அவரை மகன் என்றே குறிப்பிட்டது. வாழ்நாளெல்லாம் மறைத்த உறவு தமிழ் மண்ணில் வெளிப்பட்டது.

பின்னர்க் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

வார இறுதியில் தமிழ்ப்பள்ளிகளுக்கும் தோட்டங்களுக்கும் பாடம் சொல்லித்தரச் செல்லும் நம் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்றிகளோடு சில சோழிகளையும், கோடு போடச் சுண்ணக்கட்டியையும், ஊற்றிப் பழக இரண்டு குவளைகளையும் கொண்டு செல்லுங்கள். இவ்வளவு பழகியும் ஒரு பிள்ளை தொடர்ந்து தடுமாறினால், பெற்றோரிடம் பேசிச் செயல்முறைச் சிகிச்சையாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். சோம்பேறி என்று மட்டும் யாரையும் சொல்லிவிடாதீர்கள். எழுத மறுக்கும் பிள்ளை பெரும்பாலும் கை தயாராகக் காத்திருக்கும் பிள்ளைதான்.