காருக்கு உயிர் கொடுத்த கெட்டரிங்

மோட்டார் கார் வந்த புதிதில் அதைக் கிளப்புவது உயிர்ப் போராட்டம்.

காரின் முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியை மாட்டி, மூச்சைப் பிடித்துச் சுற்ற வேண்டும். சில சமயம் என்ஜின் திருப்பி உதைக்கும். கை ஒடியும். தாடை பெயரும்.

அமெரிக்காவில் கார் செய்துவந்த பைரன் கார்ட்டர் 1908-ம் ஆண்டு இறந்தார். வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காரைக் கிளப்பப் போய்க் கைப்பிடி தாக்கியதே காரணம் என்று சொல்வார்கள். அவருடைய நண்பர் ஹென்றி லீலண்ட், காடிலாக் கார் கம்பெனியின் தலைவர். அவர் துடித்துப்போனார். கைப்பிடியே வேண்டாத கார் வேண்டும் என்று துணிந்தார்.

அதைச் செய்து கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங்.

குழி தோண்டியவர்

கெட்டரிங் 1876-ல் ஒகையோ மாநிலத்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். கண் பார்வை மோசம். அதனால் கல்லூரிப் படிப்பை விட்டார். டெலிபோன் கம்பம் நடக் குழி தோண்டினார். பிறகு மறுபடியும் கல்லூரிக்குப் போனார். நண்பர்கள் பாடத்தை வாசித்துக் காட்டினார்கள். 1904-ல் எஞ்சினீயர் ஆனார். அப்போது வயது 27!

டேடன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. கையால் சுற்றிய அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன மின்சார மோட்டாரை வைத்தார். சின்ன மோட்டாரும் ஒரு கணம் மட்டும் தன் பலத்துக்கு மேல் உழைக்கும் என்று கண்டார்.

காரைக் கிளப்பவும் ஒரு கணம்தானே தேவை?

பாட்டரிக்குத் தீனி

நண்பர் எட்வர்டு டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் வேலை நடந்தது. மோட்டாருக்கு மின்சாரம் தர ஈயத் தகடும் கந்தகத் திராவகமும் கொண்ட பாட்டரி. அது காலியானால்? அங்கேதான் கெட்டரிங்கின் மூளை வேலை செய்தது. கார் கிளம்பியதும் என்ஜின் அதே மோட்டாரைச் சுற்றும். இப்போது அது டைனமோ! செலவான மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பி வரும். விளக்கும் எரியும்.

தொல்லையும் உண்டு. என்ஜின் மெதுவாக ஓடினால், பாட்டரியின் மின்சாரம் டைனமோவுக்கே திரும்பிப் பாயும். வேகமாக ஓடினால் மின்சாரம் அளவு மீறும். திராவகத்தில் உள்ள தண்ணீர் வற்றும். ஆகவே பாதையை அடைக்க ஒரு சுவிட்சும், அளவைக் கட்டுப்படுத்த ஒரு கருவியும் வேண்டும். இன்று காரிலிருந்து சின்ன மூடிய பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறவர்களுக்கும் இதே கவலைதான். அளவு மீறினால் பாட்டரி வீங்கிவிடும்.

1911 பிப்ரவரியில் காடிலாக் கார் பொத்தானை அழுத்தியதும் கிளம்பியது! 1912 மாடல் கார்களில் அந்தக் கருவி வந்தது. கைப்பிடிக்குப் பயந்த பெண்களும் தைரியமாகக் கார் ஓட்டினார்கள்.

இன்னொரு ஈயம்

பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையும் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில்தான் 1921-ல் பிறந்தது. அதைத் தயாரித்த ஆலைகளில் 1924-ல் தொழிலாளர் பலர் விஷமேறி இறந்தனர். அதை விற்ற கம்பெனிக்கு முதல் தலைவர் கெட்டரிங்தான். இந்தியாவில் அந்த பெட்ரோல் நிற்க 2000-ம் ஆண்டு ஆயிற்று.

1945-ல் ஆல்பிரட் சுலோனுடன் சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றக் காரணமாக இருந்தார். அடுத்த ஆண்டே அவருடைய மனைவி ஆலிவ் புற்றுநோயால் இறந்தார்.

கெட்டரிங் 1958 நவம்பர் 25-ந் தேதி டேடன் அருகே தம் வீட்டில் காலமானார். வயது 82.