பனிமூட்டத்தில் பாடம் படித்த இஞ்சினீயர்

மார்கழி மாதம். விடிய இன்னும் ஒரு நாழிகை இருக்கிறது. நந்தி கல்யாணத்துக்குப் பேர்போன திருமழபாடியில், வைத்தியநாத சுவாமி கோவில் மணி அடிக்கிறது. கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு எதிரே வரும் ஆள் தெரிவதில்லை. அவ்வளவு பனி! மணல் தெரியாது. அக்கரையும் தெரியாது. தலையில் கட்டிய துண்டு ஈரமாகிவிடும். ஆனால் வெயில் ஏறட்டும், பனி போன இடம் தெரியாது.

அந்தப் பனி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. காற்றுக்குள்ளேயே கலந்துவிட்டது. சூடான காற்று நிறையத் தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு வைத்துக்கொள்ள முடியாது. மிச்சத்தைத் திவலை திவலையாக வெளியே தள்ளிவிடும். பனிமூட்டம் என்பது அதுதான்.

இதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டும் இருக்கிறோம். 1902-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு வாலிபர், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இதேபோன்ற பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் வருவதற்குள் அவருக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது. இன்று ஏ.சி. என்று நாம் சொல்கிறோமே, அதற்கு அஸ்திவாரம் போட்ட யோசனைகளில் அது ஒன்று.

அவர் பெயர் வில்லிஸ் கேரியர்.

ஆப்பிள் கணக்கு

கேரியர் 1876-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி பிறந்தார். நியூயார்க் மாகாணத்தில் அங்கோலா என்ற சிற்றூர். விவசாயக் குடும்பம். ஒரே பிள்ளை.

சிறுவன் வில்லிசுக்குப் பின்னக் கணக்கு வரவில்லை. அரை, கால், அரைக்கால் என்றால் தலை சுற்றியது. அவனுடைய தாயார் திட்டவில்லை, அடிக்கவில்லை. நிலவறையிலிருந்து ஒரு பாத்திரம் நிறைய ஆப்பிள் கொண்டுவரச் சொன்னார். பழத்தை இரண்டாக வெட்டச் சொன்னார். பிறகு நாலாக, எட்டாக வெட்டச் சொன்னார். துண்டுகளைச் சேர்த்தும் பிரித்தும் பார்க்கச் சொன்னார். கணக்கு புரிந்துவிட்டது! தன் வாழ்நாளில் படித்த பாடங்களிலேயே இதுதான் பெரிது என்று கேரியர் வயதான காலத்திலும் சொல்லிவந்தார்.

அந்தத் தாயார், மகனுக்கு 11 வயதாகும்போது இறந்துபோனார்.

குடும்பத்தில் பணம் இல்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் காலேஜுக்குப் போக முடியவில்லை. சில காலம் வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு உபகாரச் சம்பளம் பெற்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சாப்பாட்டுச் செலவுக்காகப் புல் வெட்டினார், பிறர் வீட்டில் கணப்பு அடுப்பைக் கவனித்தார். 1901-ல் இஞ்சினீயர் பட்டம் பெற்றார். பபலோ போர்ஜ் என்ற கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

காகிதத்துக்கு வந்த நோய்

1902-ம் ஆண்டு கோடைக்காலம். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு பெரிய அச்சுக்கூடம். கலர் படங்கள் அச்சடிப்பவர்கள். அவர்களுக்கு ஒரு தொல்லை.

கலர் படம் ஒரே தடவையில் அச்சாவதில்லை. முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு நீலம் என்று ஒவ்வொரு நிறமாக ஏற்றவேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் சற்றே விரிந்துவிடும். காற்று வறண்டால் சுருங்கிவிடும். மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் நேற்று அடித்த நிறத்தின் மீது இன்று அடிக்கும் நிறம் சரியாக உட்காராது. நம் சிவகாசியில் அச்சாகும் சாமி படக் காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முருகன் முகம் ஓரிடத்திலும் உதட்டுச் சிவப்பு வேறிடத்திலும் இருந்தால் யார் வாங்குவார்கள்?

இந்தக் காற்றை அடக்கித் தரமுடியுமா என்று கம்பெனிக்குக் கேள்வி வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமே ஆன கேரியரிடம் அதை ஒப்படைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 25.

மின்சார விசிறி அப்போதே இருந்தது. ஐஸ் கட்டி வைத்துக் குளிரச் செய்வதும் இருந்தது. ஆனால் வெறுமனே குளிரச் செய்தால் போதாது. ஈரத்தையும் ஒரே அளவில் நிறுத்தவேண்டும். காற்று முழுவதும் நிரம்பத் தண்ணீர் இருந்தால் அதை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கூடத்துக்கு வேண்டியது 55 பங்கு. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அதே 55!

குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சொம்பிலிருந்து கசிந்த தண்ணீர் அல்ல, காற்றிலிருந்து வந்த தண்ணீர். கேரியரும் அதைத்தான் பயன்படுத்தினார். குளிர்ந்த குழாய்களின் மீது காற்றை ஓடவிட்டார். காற்றின் ஈரம் குழாய்மீது வேர்த்து வடிந்தது. ஒரு நாளைக்கு 49 டன் ஐஸ் உருகினால் கிடைக்கும் குளிர்ச்சி அந்த யந்திரத்துக்குத் தேவைப்பட்டது. 1902 ஜூலை 17-ந் தேதியிட்ட அதன் வரைபடத்தைத்தான் ஏ.சி.யின் ஜாதகம் என்கிறார்கள்.

தண்ணீரால் ஈரத்தைப் போக்கினார்!

அவர் அதோடு நிற்கவில்லை. பிட்ஸ்பர்க் பனியைக் கண்டது அதே ஆண்டின் பிற்பகுதியில். அங்கே அவர் நினைத்தது இதுதான்: இந்தக் காற்று தண்ணீரால் நிரம்பியிருக்கிறது. ஆனால் குளிர்ந்த காற்று என்பதால், நிரம்பியும் அதில் உள்ள தண்ணீர் கொஞ்சமே. அப்படியானால் எந்தச் சூட்டில் காற்றை நிரப்புகிறோம் என்பதை நம் கையில் வைத்துக்கொண்டால், காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கவேண்டும் என்பதும் நம் கையில்தானே?

அதற்காக ஒரு பெட்டிக்குள் செயற்கைப் பனியை உண்டாக்கினார். குளிர்ந்த நீரை நுண்ணிய துளிகளாகப் பீச்சி, அதன் ஊடே காற்றைச் செலுத்தினார். ஒரு கணக்கைப் பாருங்கள். 16 டிகிரி செல்சியஸ் குளிரில் காற்றை முழுக்க நனைத்து எடுத்து, 27 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் ஈரம் ஏறக்குறையப் பாதி அளவுதான் இருக்கும். ஈரத்தைப் போக்க ஒருவர் தண்ணீரைத் தெளிக்கிறார் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் யந்திரம் வேலை செய்தது. 1906 ஜனவரி 2-ந் தேதி அதற்குப் பேடண்ட் கிடைத்தது.

அடுத்துப் பஞ்சாலைகள் அவரைத் தேடி வந்தன. காற்று வறண்டால் நூல் அறும். கோயமுத்தூர் மில்களில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் இது தெரியும். ஜப்பானில் ஒரு பட்டு ஆலைக்கும் அவருடைய யந்திரம் போயிற்று. காற்றின் சூட்டையும் ஈரத்தையும் கணக்கிடும் சூத்திரங்களை 1911-ல் இஞ்சினீயர்கள் சங்கத்தில் வெளியிட்டார். இன்றைக்கும் இந்தத் தொழிலுக்கு அதுவே அடிப்படை. ஏர்கண்டிஷன் என்ற பெயரை மட்டும் அவர் வைக்கவில்லை. ஸ்டூவர்ட் கிரேமர் என்ற பஞ்சாலை இஞ்சினீயர் வைத்த பெயர் அது.

ஒன்று கவனித்தீர்களா? காகிதத்துக்குக் குளிர்ச்சி கிடைத்தது. நூலுக்குக் கிடைத்தது. மருந்துக்கும் சினிமா பிலிமுக்கும் கிடைத்தது. பக்கத்தில் நின்று வேர்வை சிந்திய மனிதனுக்கு என்று யாரும் யந்திரம் கேட்கவில்லை! சரக்கு கெட்டால் முதலாளிக்கு நஷ்டம். மனிதன் வேர்த்தால் யாருக்கு நஷ்டம்?

விசிறிகள் ஓய்ந்தன

1914-ல் உலக யுத்தம் மூண்டது. இந்தப் பிரிவே வேண்டாம் என்று கம்பெனி முடிவு செய்தது. கேரியரும் நண்பர்கள் ஆறு பேரும் மனம் தளரவில்லை. கையிலிருந்ததைப் போட்டு, 32,600 டாலர் சேர்த்து, 1915-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள்.

மனிதர்கள் கூடும் இடத்தில் இந்த யந்திரத்தை வைப்பதற்கு ஒரு தடை இருந்தது. அந்த நாளில் குளிர்ச்சிக்கு அமோனியாவைப் பயன்படுத்தினார்கள். அது கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கேரியர் அதைவிட ஆபத்துக் குறைந்த டைலீன் என்ற திரவத்தில் ஓடும் புதிய யந்திரத்தைச் செய்தார். நியூயார்க் பாதுகாப்பு அதிகாரி அதையும் நம்பவில்லை. கேரியர் அதிகாரியின் முன்பே ஒரு பாத்திரத்தில் டைலீனை ஊற்றி, எரியும் தீக்குச்சியைப் போட்டார். அது வெடிக்கவில்லை, மெள்ள எரிந்து அடங்கிற்று. இந்தக் காலத்தில் சர்க்கார் ஆபீசில் இப்படிச் செய்தால் கதை வேறு விதமாக முடிந்திருக்கும்!

1925 மே மாதக் கடைசி. நியூயார்க் ரிவோலி தியேட்டர். நல்ல வெயில். கோடையில் சினிமாக் கொட்டகைக்குள் போவது அடுப்புக்குள் போவதற்குச் சமம். ஜனங்கள் விசிறியும் கையுமாக வந்து உட்கார்ந்தார்கள். யந்திரத்தை ஓட்டத் தாமதமாகிவிட்டது. கொட்டகை கொதித்தது. எங்கே பார்த்தாலும் விசிறிகள் ஆடின. பட முதலாளி அடால்ப் ஜூக்கர் மாடியில் உட்கார்ந்திருந்தார். கேரியரும் நண்பர்களும் பின்னால் தவித்துக்கொண்டு நின்றார்கள். தோற்றால் பத்து வருஷ உழைப்பும் பெயரும் போய்விடும்.

மெள்ள மெள்ளக் குளிர்ச்சி பரவிற்று. ஒரு விசிறி நின்றது. பிறகு நாலு நின்றது. கொஞ்ச நேரத்தில் எல்லா விசிறிகளும் மடியில் விழுந்தன. ஜனங்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று ஜூக்கர் கேரியரிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு கடைகள், ஆபீசுகள், அமெரிக்கப் பார்லிமெண்ட் சபைகள் எல்லாம் குளிர்ந்தன. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, வானத்தின் உச்சியில் உள்ள கடுங்குளிரைத் தரையிலேயே உண்டாக்கி ஆகாய விமானங்களைச் சோதிக்கவும் கேரியர் யந்திரம் செய்துகொடுத்தார்.

1950 அக்டோபர் 7-ந் தேதி, 73-வது வயதில் அவர் காலமானார். அப்போது அமெரிக்காவிலேயே பெரும்பாலான வீடுகளில் ஏ.சி. கிடையாது. ஜன்னலில் மாட்டும் பெட்டி வீடு வீடாகப் போனது அதற்குப் பிறகுதான்.